பைக் பெட்டியில் இருந்த மாத்திரை

கேள்வி: என் கணவர் எண்ணெய்க் கப்பலில், இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறார். கப்பல் ஏறுவதற்கு முன் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் 'ஆம்பெட்டமைன் பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. போதைப்பொருளைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்கிறார். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பூப்ரோப்பியான் மாத்திரைதான் காரணமாம். ஆனால் படிவத்தில் மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் முன்பே அந்த அட்டையை பைக் பெட்டியில் பார்த்தேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். குழந்தையோடு வந்துவிடு என்கிறார் அம்மா. அவரை நம்பலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அட்டையைப் பார்த்தீர்கள், எடுத்த இடத்திலேயே வைத்தீர்கள். ஏன் அம்மா? கணவன் எதற்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று மனைவி கேட்காமல் வேறு யார் கேட்பது? சண்டை வரும் என்று பயந்தீர்களோ, பதிலைக் கேட்கவே பயந்தீர்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டிலேயே சொல்ல முடியாத மாத்திரையை அவர் கம்பெனிப் படிவத்தில் எப்படி எழுதுவார்? அவர் ஒளித்தது தப்பு. நீங்கள் பார்த்தும் பேசாமல் இருந்தது அதைவிடக் குறைந்த தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

மாத்திரை பற்றி அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். முதல் கட்டச் சோதனையில் உள்ள ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் புரதம், அதன் சாயலை வைத்துத்தான் பிடிக்கிறது. தூரத்தில் சட்டையைப் பார்த்து ஆள் இன்னார் என்று சொல்வது மாதிரி. பூப்ரோப்பியானின் அமைப்பு ஆம்பெட்டமைனுக்கு நெருங்கியது, அதனால் மாட்டிக்கொள்ளும். ரத்த அழுத்தத்துக்கான லேபட்டலாலும், மனச்சோர்வுக்கான டிரசோடோனும் இப்படி ஆம்பெட்டமைன் என்று தப்பாகக் காட்டியதுண்டு. காசநோய்க்குச் சாப்பிடும் ரிஃபாம்பிசின், ஓப்பியம் வகைச் சோதனையில் தப்பாகக் காட்டலாம்.

இதற்குத்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற உறுதிச் சோதனை இருக்கிறது. அது சாயலைப் பார்க்காது, மூலக்கூறையே அடையாளம் காணும். அவர் சாப்பிட்டது பூப்ரோப்பியான் மட்டும் என்றால் அதில் ஆம்பெட்டமைன் வராது. அதே சிறுநீர் மாதிரியில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி நாளைக்கே எழுத்து மூலம் கேட்கட்டும். கூடவே தேதியும் டாக்டரின் பதிவு எண்ணும் உள்ள மருந்துச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில் இரண்டையும் கொடுக்கட்டும். இதைச் சொன்னதும் அவர் கிளம்புகிறாரா, மழுப்புகிறாரா என்று பாருங்கள்.

எல்லா மருந்துக்கும் இந்த வழி உதவாது. கோடீன் கலந்த இருமல் சிரப் குடித்தால், கோடீனில் ஒரு பகுதியை உடம்பே ஓப்பியம் வகையைச் சேர்ந்த மார்ஃபினாக மாற்றும், உறுதிச் சோதனையிலும் மார்ஃபின் நிஜமாகவே இருக்கும். அங்கே டாக்டரின் சீட்டு இல்லையென்றால் வாதாடவே வழியில்லை. மருந்தை மறைப்பவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை.

வேலை கிடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பூப்ரோப்பியான் சிலருக்கு வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. நடுக்கடலில், இன்ஜின் ரூமில் அவருக்கு ஏதாவது ஆனால் கூட வேலை செய்பவர்கள் கதி என்ன? கம்பெனி டாக்டரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். சில மாதம் கரையில் இரு என்றால் இருக்கட்டும், கடனையும் கட்டுச்செட்டையும் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். அடுத்த சோதனையில் தேற வேண்டும் என்று மாத்திரையைத் தானாக நிறுத்த மட்டும் விடாதீர்கள். அதை எழுதிக்கொடுத்த டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

அப்புறம் உங்கள் அம்மா. மனம் சோர்ந்துபோய், வெட்கப்பட்டு மாத்திரையை ஒளித்த ஒருவரை, முழு ரிப்போர்ட் வருவதற்குள் விட்டுவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. அம்மாவிடம் இதை நேராகவே சொல்லுங்கள். உறுதிச் சோதனையிலும் ஆம்பெட்டமைன் என்றே வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது நான் பேசப்போவது வேறு.