காமாலையே வந்ததில்லை, ‘பி’ வைரஸ் எப்படி வந்தது?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன், வயது 29. சேலத்தில் ரத்ததானம் செய்தபோது ஹெப்படைட்டிஸ் பி என்ற ஈரல் வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தும் பாசிட்டிவ்தான். எனக்குக் காமாலை வந்ததே இல்லை, குடிப்பதும் இல்லை. என் உடம்பு ஏன் இதை விரட்டவில்லை? அம்மா கீழாநெல்லி அரைத்துத் தருகிறார், எனக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி.

பதில்: தம்பி, முதலில் அந்தத் தனித் தட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சோற்றிலோ தட்டிலோ டம்ளரிலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழி. ரேசரும் டூத் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும்.

காமாலை வராததுதான் உங்களைக் குழப்புகிறது. ஆனால் ஈரலைப் பெரும்பாலும் கெடுப்பது வைரஸ் இல்லை, வைரஸ் புகுந்த செல்களை நம் எதிர்ப்பு சக்தியே அடித்து நொறுக்குவதுதான், அந்தச் சண்டையில்தான் கண் மஞ்சளாகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பு சண்டை போட்டு விரட்டிவிடும், 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் அது நிலைத்துவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றினால் கதை தலைகீழ், 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது தங்கிவிடும், ஏனென்றால் பச்சிளம் உடம்பு முதல் நாளிலிருந்தே பார்க்கும் வைரஸை வீட்டு ஆள் மாதிரி விட்டுவிடுகிறது, சண்டையே நடப்பதில்லை. உங்களுக்கும் அப்படியோ, சின்னக் குழந்தையாக இருந்தபோதோ வந்திருக்கலாம். அதனால் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அம்மா மேலும் இல்லை.

சத்தமில்லாமல் நுழைவதோடு இந்த வைரஸ் நிற்பதில்லை. நெல் தூற்றும்போது பதர் பறக்குமே, அதுபோல உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் கூடுகளை ரத்தத்தில் கொட்டுகிறது, ஒரு நிஜ வைரஸுக்கு ஆயிரம், சில சமயம் லட்சம் வரைக்கும். எதிர்ப்புப் பொருள்கள் பதரைப் பிடிப்பதிலேயே செலவாகிவிடும், வைரஸ் புகுந்த செல்களை அடிக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களும் வருடக்கணக்கில் இதையே பார்த்து ஓய்ந்துபோகும். ரத்ததானத்தில் உங்களைக் காட்டிக்கொடுத்ததும் இந்தக் கூட்டின் புரதம்தான்.

இன்னொன்று, உங்கள் எஸ்டேட்டிலேயே பார்த்திருப்பீர்கள். காபித் தண்டுக்குள் துளைப்பான் புழு புகுந்துவிட்டால் மேலே மருந்தடித்து என்ன பயன்? செடி ரொம்ப நாள் பச்சையாகத்தான் நிற்கும். இந்த வைரஸும் தன் மரபுப்பொருளை ஈரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாகப் போட்டு வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் பெருக்கத்தை நன்றாக அடக்கும், அந்த வளையத்தை எடுக்க முடியாது. ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெப்படைட்டிஸ் சி-க்கு இப்படி ஒளிவிடம் கிடையாது, அதனால்தான் அதை மூன்று மாத மாத்திரையில் குணப்படுத்த முடிகிறது.

கீழாநெல்லி விஷயம். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அது பி வைரஸை விரட்டுவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது பெரிய நம்பிக்கை எழுந்தது உண்மைதான், ஆனால் பிறகு நடந்த சோதனைகளில் அது நிற்கவில்லை. அம்மாவின் மனசு புரிகிறது, அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது அவசரம் உங்களைவிட வீட்டில் இருப்பவர்களுக்கு. மனைவிக்கு இந்த வாரமே பரிசோதனை. நெகட்டிவ் என்றால் மூன்று தவணைத் தடுப்பூசியைத் தொடங்கலாம், கர்ப்பத்திலும் போடலாம். பாசிட்டிவ் என்றால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இப்போதே தெரிய வேண்டும், அப்போதுதான் குழந்தை பிறந்ததும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற, எதிர்ப்புப் பொருளையே நேராகத் தரும் ஊசியும் தயாராக இருக்கும். எப்படியானாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும். அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்யுங்கள். அம்மாவுக்கு இருந்து இத்தனை வருடம் யாருமே பார்க்காமல் போயிருந்தால் அவர் ஈரல்தான் எனக்குக் கவலை.

உங்களுக்கு வைரஸ் அளவு, ஈரல் நொதி, ஸ்கேன் மூன்றும் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, ஆனால் சீராகப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 2018 முதல் தேசிய ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் விசாரியுங்கள், இறங்கும்போது அம்மாவையும் மனைவியையும் அதே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ரத்ததானச் சீட்டும் கையில் இருக்கட்டும்.