பயனருக்கு அனுமதி உள்ள பதிவுகளை மட்டும் காட்டுவது எப்படி?

எல்லா ஆவணங்களையும் டேபிளிலிருந்து எடுத்து, லூப்பில் ஒவ்வொன்றாக பெர்மிஷன் பார்த்துக் கழித்துவிட்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். பதிவுகள் கொஞ்சமாக இருக்கும்வரை ஓடும். பேஜினேஷன் (பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவது) வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்துக்கு 20 என்று எடுத்து, அதில் 13 கழிந்தால் திரையில் 7தான் நிற்கும். அடுத்த பக்கம் காலியாகக்கூட வரலாம். கழிப்பதற்கு முன் எண்ணிய மொத்தத்தை மேலே காட்டினால் இன்னும் மோசம், மறைக்க வேண்டியவை எத்தனை என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

ஆகவே வடிகட்டுவது குவெரியின் WHERE கண்டிஷனிலேயே நடக்கட்டும். ஆவணங்கள் குழுக்களுடன் பகிரப்படும் அமைப்பென்றால் பலரும் ஆவண டேபிளையும் பகிர்வு டேபிளையும் இணைக்க நேராக ஜாயின் போடுவார்கள். ஒரே ஆவணம் இரண்டு குழுக்களுக்குப் போயிருந்து, பயனர் இரண்டிலும் இருந்தால் பட்டியலில் அது இரண்டு தடவை வரும். உடனே, திரும்ப வரும் வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மூடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. எக்ஸிஸ்ட்ஸ் (EXISTS) சப்குவெரிதான் எழுதுவேன். இவருக்கு அனுமதி தரும் வரி ஒன்றாவது இருக்கிறதா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது? பகிர்வு டேபிளில் ஆவண ஐடி, குழு ஐடி இரண்டுக்கும் சேர்த்து இன்டெக்ஸ் போடுங்கள்.

இந்தக் கண்டிஷன் ஒரே இடத்தில் இருக்கட்டும்: பிரேம்வொர்க் லாராவெல் என்றால் குளோபல் ஸ்கோப், ஜாங்கோ என்றால் குவெரிசெட் மெதட். பட்டியல், தேடல், எக்ஸ்போர்ட் எல்லாம் அதன் வழியாகவே போக வேண்டும். அவசரத்தில் நேரடி எஸ்கியூஎல் எழுதிய ரிப்போர்ட்டில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். யூஆர்எல்லில் ஐடியை மாற்றிப் பார்ப்பவருக்கும் அதே குவெரிதான். வரி கிடைக்காது, 404 (இல்லை) கொடுங்கள். 403 (அனுமதி இல்லை) கொடுத்தால் அப்படியொரு ஆவணம் இருப்பது தெரிந்துவிடும்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் 9.5 பதிப்பு முதல் ரோ லெவல் செக்யூரிட்டி (வரி வாரியான அனுமதி) உண்டு, பாலிசியை டேபிளிலேயே எழுதலாம். நல்ல இரண்டாவது பூட்டு. ஆனால் டேபிளின் ஓனர் ரோலை அது இயல்பாகக் கட்டுப்படுத்தாது. டேபிள்களை உருவாக்கி மாற்றும் மைக்ரேஷன் ஓட்டும் ரோலிலேயே ஆப்பும் இணைந்தால், பாலிசி இருந்தும் எல்லாம் தெரியும். ஆப்புக்குத் தனி ரோல் கொடுங்கள். அப்புறம், கனெக்ஷன் பூல் (பல ரிக்வெஸ்ட்கள் மாறிமாறிப் பயன்படுத்தும் இணைப்புகள்) வைத்திருந்தால், பாலிசி பார்க்கும் பயனர் ஐடியை டிரான்ஸாக்ஷனுக்குள் செட் லோக்கல் (SET LOCAL) கொண்டு வையுங்கள். வெறும் செட் (SET) என்றால் அதே கனெக்ஷனில் அடுத்து வரும் ரிக்வெஸ்ட் முந்தைய ஆளின் ஐடியோடு ஓடக்கூடும்.