கல் விழுந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டைனோசர்களின் அழிவு பற்றி நீங்கள் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பூமியின் விட்டம் 12,700 கி.மீ.க்கு மேல், விழுந்த விண்கல்லோ 10 கி.மீ.தான், அது மெக்சிகோவில் விழுந்தால் உலகத்தின் மறுபக்கத்தில் இருந்த விலங்கு ஏன் சாக வேண்டும் என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தக்காண எரிமலைகள்தான் காரணம் என்றும் படித்திருக்கிறேன். எது சரி?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. கல்லின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த அழிவு விளங்காது. சைபீரியாவில் விண்கல் விழுந்து உண்டான போபிகாய் என்றொரு பள்ளம் இருக்கிறது. சுமார் 100 கி.மீ. அகலம், மூன்றரைக் கோடி ஆண்டுப் பழமை. கனடாவின் மனிக்குவாகன் பள்ளமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இரண்டின் காலத்திலும் உலகளாவிய பேரழிவு நடந்ததாகத் தடயம் இல்லை. டைனோசர்களை அழித்த கல்லால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் உண்டான சிக்சுலுப் பள்ளம் இவற்றைவிடப் பெரியது, சுமார் 180 கி.மீ. ஆனாலும் நான்கில் மூன்று பங்கு உயிரினங்கள் அற்றுப்போக அந்த அளவு மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன்.

அது விழுந்த இடத்தைப் பாருங்கள். யுகடானில் அப்போது ஆழமில்லாத கடல். அடியில் கிலோமீட்டர் கணக்கில் சுண்ணாம்புப் பாறை, இடையிடையே கந்தகம் அடங்கிய ஜிப்சம். நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் கல் வந்து மோதியதும் பாறையே ஆவியாகிப் போனது. 2016இல் பள்ளத்தின் உள்வளையத்தைத் துளையிட்டுப் பாறைகளை எடுத்தார்கள். பூமிக்குள் பல கி.மீ. ஆழத்தில் இருந்த கிரானைட் அதில் வந்தது. அக்கம்பக்கத்தில் தாராளமாகக் கிடக்கும் ஜிப்சத்தை மட்டும் அனேகமாகக் காணோம். இருக்க வேண்டியது இல்லாமல் போனதைத்தான் நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். அத்தனை கந்தகமும் வானத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. கந்தகப் படலமும் நுண்தூசியும் காட்டுத்தீயின் கரியும் சேர்ந்து உலகம் முழுக்க வெயிலை மறைத்தன. குளிர் இறங்கியது. ஒளிச்சேர்க்கை நின்றதால் நிலத்தில் செடிகளும் கடலில் மிதவைப் பாசிகளும் மடிந்தன. அவற்றைத் தின்றவை, தின்றவற்றைத் தின்றவை என்று வரிசையாகப் போயின. மறுபக்கத்து விலங்கு குளிரிலும் பட்டினியிலும் செத்தது. மட்கிய இலை தழையை நம்பி வாழ்ந்த நன்னீர் உயிர்கள் ஓரளவு தப்பித்ததற்கும் இதுவே காரணம்.

தக்காண எரிமலைகள் மோதலுக்கு முன்பே பொங்கத் தொடங்கி, பிறகும் நெடுங்காலம் பொங்கின. அவை உயிர்களை ஏற்கெனவே நலியச் செய்திருந்தனவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் மனம் மோதல் பக்கம்தான். இத்தாலியின் குப்பியோவில் அந்த மோதல் காலத்து மெல்லிய களிமண் அடுக்கு ஒன்று இருக்கிறது. பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் அதில் அளவுக்கு மீறி இருப்பதை 1980இல் அமெரிக்க அறிவியலாளர்களான ஆல்வாரெஸ் தந்தையும் மகனும் மற்ற இருவரோடு சேர்ந்து வெளியிட்டார்கள். அந்த அடுக்குக்குக் கீழே கடலின் நுண்ணுயிர் ஓடுகள் மண்டிக் கிடக்கின்றன. மேலே அவற்றில் பெரும்பாலான இனங்களைக் காணோம். பல்லாயிரம் ஆண்டு மெல்லமெல்லப் புகைந்த எரிமலை இப்படி ஒரே வெட்டாக வெட்டாது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டானிஸ் என்ற இடத்தில், மோதலில் உருகித் தெறித்த பாறையின் கண்ணாடி மணிகள் செவுளில் சிக்கியபடி மீன்கள் புதைந்திருக்கின்றன. அவற்றின் எலும்பில் உள்ள வளர்ச்சிக் கோடுகளின்படி அங்கே அப்போது வசந்தகாலம். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் வடபாதி உலகம் மாட்டிக்கொண்டது. தென்பாதியில் அது இலையுதிர் காலம் என்பதால், குளிருக்குப் பதுங்கத் தயாரான சில உயிர்கள் அங்கே பிழைத்திருக்கலாம் என்கிறார்கள் அந்த மீன்களை ஆராய்ந்தவர்கள்.