ஐந்நூறு ராண்ட் வவுச்சரும் பிளந்த கடைவாய்ப்பல்லும்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: லெனேசியாவில் தங்கை மகளின் திருமணத்திற்குப் புறப்பட்டவர், டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் விமானம் ஏறுமுன் அவசரமாக ஃப்ரோசன் யோகர்ட் வாங்கியிருக்கிறார். மேலே தூவியிருந்த பேரீச்சந்துண்டுகளுக்குள் கிடந்த கொட்டையைக் கடித்ததில் கடைவாய்ப்பல் பிளந்துவிட்டது. பல் மருத்துவச் செலவு 9,400 ராண்ட். கடையினர் மின்னஞ்சலில் 500 ராண்ட் வவுச்சர் அனுப்பியுள்ளனர். 2 லட்சம் ராண்ட் கேட்டு வழக்குத் தொடுக்கலாமா என்கிறார்.

ஐயா, கடை ஊழியர் சிரித்ததும், கல்யாணப் பந்தியில் நீங்கள் ரசம் மட்டும் குடித்துவிட்டு எழுந்ததும் வருத்தத்திற்குரியவையே. ஆனால் அவற்றால் உங்கள் வழக்கிற்கு ஒரு சென்ட் கூடச் சேராது. வழக்கறிஞராக நான் கேட்பது ஒன்றே: அந்த வவுச்சரைப் பயன்படுத்திவிட்டீர்களா?

நீங்கள் இணைத்துள்ள மின்னஞ்சலின் கடைசி வரி, இந்த வவுச்சர் 'எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக' வழங்கப்படுவதாகக் கூறுகிறது. மன்னிப்பையும் நலம் விசாரிப்பையும் படித்த கண்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன. நம் நாட்டுச் சட்டத்தில் இத்தகைய சமரசத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டால், அது தீர்ப்புக்கு நிகராக அவரைக் கட்டுப்படுத்தும். கையெழுத்திட்டால்தான் ஏற்பு என்பதும் இல்லை, நடத்தையே போதும். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், இதே போன்ற வவுச்சரைக் கொடுத்து இரண்டு காப்பியும் ஒரு மஃபினும் வாங்கிக்கொண்டு, ரசீதையும் பத்திரமாக எடுத்து வந்திருந்தார். அந்த ரசீதே எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சியாக அமைந்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தம்மைக் காக்கும் என்று அவர் நம்பினார். விபத்துக்குப் பின் விவரம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட சமரசத்தை அச்சட்டத்தைக் காட்டி உடைப்பது மிகக் கடினம்.

ஆகவே, வவுச்சரைத் தொடவில்லை என்றால் அதை ஏற்கவில்லை என்று இன்றே எழுதி அனுப்புங்கள். 'நன்றி, கிடைத்தது' என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 61-ஆம் பிரிவின்படி, கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பண்டத்தின் குறைபாடும் அதனால் விளைந்த காயமும் போதும். ஆனால் சில்லறை விற்பனையாளருக்கு ஒரு தப்பும் வழி உண்டு: குறைபாட்டைத் தாம் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என அவர் வாதிடலாம். பேரீச்சந்துண்டுகள் மூடி முத்திரையிட்ட பையில் வந்தவை என்பார்கள். அதனால் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டுப் பெற்று, கோரிக்கைக் கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள். வழக்குத் தொடுக்க மூன்றாண்டுக் காலக்கெடு இருக்கிறது என்று அசந்துவிட வேண்டாம், கடைகள் கைமாறும்.

2 லட்சத்தை மறந்துவிடுங்கள். ஒரு பல்லின் வலிக்கு நீதிமன்றம் அளிக்கும் தொகையைவிட, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் என்னைப் போன்றவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம் அதிகமாகிவிடும். மருத்துவச் செலவு முழுவதையும், வலிக்காக ஒரு சிறு தொகையையும் தர முன்வந்தால், சமரசத்தில் கையெழுத்திட்டு முடித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் 20,000 ராண்ட் வரம்புள்ள ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் உங்களுக்குப் போதுமானது. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, மேல்முறையீடும் இல்லை.

கொட்டையை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மிக நல்லது. அதைக் கழுவிவிடாதீர்கள், யோகர்ட் வாங்கியதற்கான ரசீதுடன் ஒரே உறையில் போட்டு, பல் மருத்துவரிடம் காட்டி, அவர் அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.