பிஞ்சுக் குழந்தைகளின் மனநலம்: நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

குறைமாதத்தில் பிறந்த என் பேத்திக்கு இப்போது எட்டு மாதம். பிசியோதெரபிக்குச் செல்லும் இடத்தில் அவளுடைய மனநலம் பற்றியும் பேசுகிறார்கள். பேச்சே வராத பிள்ளைக்கு மனநலம் என்ன? (கோத்தகிரி)

அழுதால் யாரேனும் வருவார்கள் என்று நம்புவதும், புதுமுகத்தைக் கண்டால் உங்கள் தோளில் முகம் புதைப்பதும், தட்டிக்கொடுத்தால் அடங்குவதும்தான் இந்த வயதின் மனநலம். 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர், தாய்மாரைச் சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையின் எதிரே அமரச் செய்தார். குழந்தைகள் முதலில் சிரித்தும் குரல் கொடுத்தும் தாயை இழுக்கப் பார்த்தன, பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கின. குறைமாதக் குழந்தைகள் விரைவில் களைத்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பயிற்சியின் நடுவே தலையைத் திருப்புவது, கொட்டாவி விடுவது, விரல்களை விறைப்பாக விரிப்பது ஆகியவை அவள் ‘போதும்’ என்று சொல்லும் விதம். அப்போது கையை எடுத்துவிட்டு, அவளாக உங்களைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து தொடரலாம்.

என் மகனுக்குப் பதினான்கு மாதம், இன்னும் உட்காரவில்லை. எஸ்டேட் வேலை முடிந்து வந்தபின் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ய முடிவதில்லை. இரவில் அழுகை வருகிறது. இதையெல்லாம் பயிற்சியாளரிடம் சொல்லலாமா? (மஞ்சூர்)

கட்டாயம் சொல்லுங்கள். உண்மையில் அவர்களே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். குழந்தையின் கழுத்தையும் இடுப்பையும் சோதித்துவிட்டு, அவனைத் தூக்கி வந்தவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேட்காமல் அனுப்புவதை இச்சேவைகளின் பெரிய குறையாகவே நான் கருதுகிறேன். சோர்வும் அழுகையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு, செவிலியரே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மலையிறங்க நேரமில்லாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழையுங்கள்; கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் தேய்க்கும்போதும், குளிப்பாட்டும்போதும், சோறூட்டும்போதும் செய்யக்கூடியவற்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், தாய் நாளில் 4 முறை அங்கு சென்று வரலாம் என்பதும் சட்டம்.

அழாதிருக்க ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசி கொடுக்கலாமா? (குன்னூர்)

வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிவுரை. தொலைவிலிருக்கும் அப்பாவுடன் வீடியோ அழைப்பில் பேசுவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

அங்கன்வாடிப் பணியாளர் நான். சில குழந்தைகள் மிகவும் அமைதியாக இருக்கிறார்கள். எப்போது கவலைப்பட வேண்டும்? (பந்தலூர்)

சமர்த்துப் பிள்ளை என்று நாம் பாராட்டும் குழந்தையைத்தான் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விருப்பமானதை விரல் நீட்டிக் காட்டாதது, விழுந்து அடிபட்டாலும் ஆறுதல் தேடி யாரிடமும் போகாதது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் என்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம்; சோதனைகளுக்காக உதகைக்கு வந்து திரும்பினால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், முன்கூட்டியே பேசி எல்லாச் சோதனைகளையும் ஒரே நாளில் வைக்கக் கேளுங்கள். பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர் வீட்டுக் குழந்தை உங்கள் தமிழுக்குத் திரும்பாததை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் மொழி பேசும் ஒருவர் அழைத்துப் பார்க்கட்டும்.

பிசியோதெரபிஸ்ட் நான். உளவியல் பயிற்சி இல்லாமல் என்ன செய்ய முடியும்? (உதகை)

ஜமுக்காளத்தில் குழந்தையை உங்கள் முன் கிடத்தாமல் தாயின் மடியிலேயே வைத்து, அவர் கையாலேயே பயிற்சியைச் செய்யவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் அவர் பேசட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளாக அனுப்பாமல் ஒருவரே அக்குடும்பத்தைப் பார்ப்பது நல்லது. கேட்ட துயரங்களை நீங்களே சுமந்துகொண்டிருக்கவும் கூடாது; மாவட்ட மனநலத் திட்ட உளவியலாளருடன் மாதம் ஒரு முறையேனும் உட்கார்ந்து பேசும் ஏற்பாட்டை உங்கள் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.