செயலியைத் தூக்கிக்கொண்டு நேரே ரிப்பன் மாளிகைக்குப் போகலாமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கும் ஐந்து மென்பொருள் பொறியாளர்கள் நாங்கள். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே பதியும் செயலி ஒன்றைச் செய்திருக்கிறோம். இலவசமாகத் தரத் தயார். மாநகராட்சியில் யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை அப்புறம். புகார் சொல்ல 1913 இருக்கிறது, மாநகராட்சியின் ‘நம்ம சென்னை’ செயலியும் இருக்கிறது. நீங்கள் திறக்கும் புது வழியில் வரும் புகாரையும் அதே பொறியாளர்தான் பார்த்தாக வேண்டும். அவருடைய வேலை கூடுமா, குறையுமா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மழை நாளில் அவர் போனுக்கு ஒரு படம் வரும். முழங்கால் தண்ணீர், பாதி மூழ்கிய ஸ்கூட்டர். கூடவே “ராம் நகர், மூணாவது தெரு” என்று ஒரு வரி. ராம் நகர் வேளச்சேரியிலும் உண்டு, மடிப்பாக்கத்திலும் உண்டு. இரண்டும் வேறு வேறு மண்டலம். இடம் தெரிந்த பிறகும் சிக்கல் தீராது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. புகாரைச் சரியான வார்டுக்கும் துறைக்கும் உங்கள் செயலி பிரித்துக் கொடுத்தால், அந்த மனிதர் உங்களை விடவே மாட்டார்.

2015 சென்னை வெள்ளத்தில் தன்னார்வலர்கள் செய்த வரைபடம் நினைவிருக்கலாம். தண்ணீர் புகுந்த தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது கைகூடியது. நீங்களும் அங்கே தெருப் பெயர்களைத் திருத்திவிடுங்கள். நாளைக்கு உங்கள் செயலி நின்றுபோனாலும் அந்த வேலை வீணாகாது.

வடிகால் விவரங்களைக் கடிதம் எழுதிக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டாம் என்பேன். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், சரிதான். ஆனால் கூட்டாளியாகப் போகிறவர் உங்களைப் புகார்தாரராகப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கடிதத்துக்குப் பதிலே இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள்.

இலவசம் என்றாலும் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நான் பட்ட பாடு இது: சில வருடங்களுக்கு முன் ஒரு நகராட்சிக்குத் தெருவிளக்குப் புகார்ப் பக்கம் செய்து கொடுத்தோம். ஆர்வமாக இருந்த அதிகாரிக்கு இடமாற்றம் வந்தது. சர்வர் பாஸ்வேர்டு வைத்திருந்த நண்பர் வெளிநாடு போய்விட்டார். மக்கள் பதிந்த புகார்கள் யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் கிடந்தன. அவர்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால் சர்வர் செலவு யாருடையது, பழுதானால் யார் பார்ப்பது, பதிகிறவர்களின் போன் எண்கள் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிரல் முழுவதையும் பொதுவில் வையுங்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பொறியாளருக்கு உட்காரக்கூட நேரம் இருக்காது. ஆகஸ்டிலேயே போங்கள். போகும்போது வார்டின் தெருப் பட்டியலை அச்செடுத்து, பேனாவோடு எடுத்துப் போங்கள். தண்ணீர் நிற்கும் இடங்களை அவரே வட்டமிட்டுக் காட்டுவார்.