ஒரு லேப்டாப், வராத நெட்: மின்னியல் பாடத்தை எப்படி நடத்துவது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு லேப்டாப், புரொஜக்டர் இருக்கின்றன. நெட் பெரும்பாலும் கிடைக்காது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல பாட வளங்கள் எவை? டவுன்லோடு செய்து வகுப்பில் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

பதில்: இணையதளப் பட்டியல் தரப்போவதில்லை, டீச்சர். அது ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் தேவைக்கு மேலேயே சுற்றுகிறது. ஒரு பாடத்தை வைத்துப் பேசுவோம்; மின்னியலையே எடுத்துக்கொள்ளலாம்.

என் முதல் சிபாரிசு ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இதில் எச்டிஎம்எல்5 வகை சிமுலேஷன்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும். வீட்டில் டவுன்லோடு செய்து பென் டிரைவில் கொண்டுபோனால், நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தாலும் கவலை இல்லை, திரையில் சொற்கள் குறைவு.

நிலைமின்னியலுக்குப் பலூனும் ஸ்வெட்டரும் வரும் சிமுலேஷன் இருக்கிறது. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் நிஜ பலூனைத் தலையில் எவ்வளவு தேய்த்தாலும் சுவரில் ஒட்டாது. காற்றின் ஈரப்பதம் மின்னூட்டத்தைத் தங்கவிடுவதில்லை. திரையிலோ எதிர் மின்னூட்டங்கள் ஸ்வெட்டரிலிருந்து பலூனுக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். பலூனைச் சுவர் அருகே கொண்டுபோனால் சுவரிலுள்ள எதிர் மின்னூட்டங்கள் சற்றுப் பின்வாங்கும். நேரடிச் சோதனையில் காட்ட முடியாதது இதுதான்.

உடனே ஓடவிட்டுவிடாதீர்கள். "இப்போது பலூன் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் மௌஸை நகர்த்துங்கள். மௌஸ் பிள்ளைகள் கையிலேயே இருந்தால் இன்னும் நல்லது. கேள்வி கேட்காமல் போட்டால் அதுவும் இன்னொரு வீடியோதான்.

தொடர், பக்க இணைப்புகளுக்கும் ஃபெட்டில் மின்சுற்று சிமுலேஷன் உண்டு. ஆனால் இதற்கு நான் நிஜ பேட்டரி, பல்பு, வயரைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகள் கையால் செய்யக்கூடியதைத் திரையில் காட்டுவது வீண். செய்து முடித்த பிறகு, வீட்டு மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, சிமுலேஷனில் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் வயரால் நேரடியாக, குறுக்குச்சுற்றாக இணைத்துக் காட்டுங்கள். திரையில் தீப்பிடிக்கும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கைவேலைக்கு அரவிந்த் குப்தாவின் தளம் ஒரு புதையல். வீணாகும் பொருட்களில் செய்யும் அறிவியல் பொம்மைகளுக்கு வீடியோ உண்டு; புத்தகங்களும் இலவசம். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள் இருந்தால் மோட்டார் ஓடும். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்டுங்கள், மறுமுனையில் பாதிச் சுற்றளவு மட்டும். பெரும்பாலும் மோட்டார் ஓடாமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டை அரசின் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான உள்ளடக்கம் வரும். செயலிக்குள்ளேயே சேமித்தும் வைக்கலாம். தரம் ஒரே சீராக இல்லை, முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கீழ்வகுப்புகளுக்கு வாசிப்புக் கதை வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக உள்ளன. பிரிண்ட் எடுக்கலாம், எழுத்தாளர், ஓவியர் பெயர்களைக் குறிப்பிட்டு மாற்றியும் பயன்படுத்தலாம்.

காப்புரிமை, அதாவது பதிப்புரிமை விஷயத்துக்கு வருவோம். ஆசிரியர் கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படியெடுப்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. அதனால் வகுப்புக்குள் பயப்பட வேண்டாம். அதையே உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (மற்றவர்கள் பயன்படுத்த, படைத்தவரே நிபந்தனைகளோடு முன்கூட்டித் தரும் அனுமதி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஏற்றுங்கள். 'இலவசம்' என்று போட்டிருப்பது மட்டும் போதாது.